தோலோடு வேகவைத்த கமலா ஆரஞ்சு, அரைத்த பாதாம்: மைதாவே இல்லாத ஒரு கேக்

முதல் தடவை இந்த கேக்கைச் சாத்துக்குடியில் செய்தேன். அன்றைக்குத் தள்ளுவண்டியில் அதுதான் மலிவு. ஆரஞ்சுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். மூன்று பழத்தை முழுசாக வேகவைத்து, விதையோடு மிக்ஸியில் ஓட்டி, கால் கிலோ பாதாமும் ஆறு முட்டையும் சேர்த்து ஓவனில் வைத்தேன். வாசனை மாடிப்படி வரைக்கும் இறங்கியது. மாமனார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு, நெலவேம்புக் கஷாயத்துல ஊற வெச்ச மாதிரி" என்றார்.

மாமியார் சிரிக்கவில்லை. "வெதய எடுத்தியா? மொத தண்ணியக் கொட்டுனியா?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார். வருஷம் தவறாமல் நார்த்தங்காய் ஊறுகாய் போடுகிறவர் அவர். கேக் என்றால் பேக்கரியில் வாங்குவது என்பதுதான் அவர் கணக்கு. ஆனாலும் எங்கே தப்பு நடந்தது என்று ஒரு துண்டு தின்றதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் இணையத்தில் படித்த பத்துச் செய்முறைகளில் ஒன்றுகூட இதைச் சரியாகச் சொல்லவில்லை. அந்தச் செய்முறைகளெல்லாம் வேறு ஊர்ப் பழத்துக்கும் வேறு ஊர் முட்டைக்கும் எழுதியவை. வடசென்னைப் பெரம்பூரில் ஒரு சின்ன அடுப்படியில், ஒரு சாதாரண ஓடிஜியில் (மேடைமேல் வைக்கிற சின்ன கரண்ட் ஓவன்) செய்வதற்கு என்ன வேண்டும் என்று நானே ஏழெட்டுத் தடவை செய்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது, எண்ணெய் கிடையாது. அதனால் பேக்கரி ஸ்பாஞ்ச் கேக்கை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். இது ஈரமாக, கொஞ்சம் கனமாக, பாதாம் அல்வாவுக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். நடு நாக்கில் லேசாக ஒரு கசப்பு நிற்கும். அந்தக் கசப்பு துளியும் இல்லாவிட்டால் இது வெறும் இனிப்பு. அதிகமானால் மாமனார் சொன்ன கஷாயம். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்தக் கசப்பை எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதைப் பற்றித்தான்.

கொஞ்சம் ஊர்க்கதை

இந்த கேக்கின் வேர் ஸ்பெயினில் வாழ்ந்த செஃபார்டி யூதர்களிடம் இருக்கிறது. பாஸ்கா பண்டிகை நாட்களில் புளித்த மாவுப் பண்டம் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பாதாமும் ஆரஞ்சும் அந்த மண்ணில் தாராளம். மாவின் இடத்தில் பாதாமை வைத்துக்கொண்டார்கள். 1492இல் ஸ்பெயினை விட்டுத் துரத்தப்பட்டபோது அவர்களுடைய சமையலும் மத்தியதரைக் கடல் ஊர்கள் முழுக்கப் பரவியது.

அந்த வம்சத்து வணிகர்கள் நம் பக்கமும் வந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனவர்கள் அவர்கள். ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவின் பெயரில் இன்னும் அந்த வியாபாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களில் (மூத்த உறுப்பினர்களில்) மூன்று பேர் யூதர்கள். அவர்கள்தான் இந்த கேக்கை வடசென்னைக்குக் கொண்டுவந்தார்கள் என்று கதை விட மாட்டேன். பாதாம் வாங்கப் போகிற வழியில் அந்தத் தெருவைத் தாண்டும்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஆரஞ்சு என்ற சொல், ஸ்பானிஷில் நரஞ்சா, அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்க என்று பின்னோக்கிப் போகிறது. அதற்கும் முன்னால் ஏதோ ஒரு திராவிட மொழியிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்பது சொல்லாராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. நம் நார்த்தையைச் சுட்டிக்காட்டித்தான் அதைச் சொல்கிறார்கள். ஆக, மாமியார் கேட்ட கேள்வி ரொம்பப் பழைய கேள்வி.

என்னென்ன, எவ்வளவு

8 அங்குல வட்ட டின்னுக்கான கணக்கு இது. தராசு இல்லாமல் இந்த கேக்கைத் தொடாதீர்கள். ஒரு கமலா 100 கிராமும் இருக்கும், 180 கிராமும் இருக்கும். "மூன்று பழம்" என்று எழுதிவைப்பதில் அர்த்தமே இல்லை.

கமலா ஆரஞ்சு: 3 அல்லது 4 (வெந்து, விதை எடுத்து அரைத்த விழுது 350 கிராம் வேண்டும்)
பாதாம் பருப்பு: 250 கிராம்
முட்டை: 6 (ஓடு நீக்கி 280 கிராம் அளவுக்கு)
சர்க்கரை: 210 கிராம்
பேக்கிங் பவுடர்: 1 டீஸ்பூன், தலை தட்டி
எலுமிச்சை: 1 (துருவிய மேல்தோலும் ஒரு டேபிள்ஸ்பூன் சாறும்)
உப்பு: இரண்டு சிட்டிகை
ஏலக்காய்: 2, விருப்பம் இருந்தால்

பேக்கிங் பவுடருக்குப் பதில் ஆப்ப சோடா போட்டால் ஒரு மாதிரி சோப்பு வாடை வரும், நிறமும் கறுத்துப்போகும். வேண்டாம்.

பழம்

நாக்பூர் கமலா நவம்பர் வாக்கில் வரத் தொடங்கி மார்ச் வரைக்கும் வண்டிகளில் இருக்கும். இந்த கேக்குக்கு அதுதான் என் முதல் தேர்வு. தோல் மெல்லியது, சதையில் ஒட்டாமல் லூசாக இருக்கும். தோலுக்கு உள்பக்கம் இருக்கிற வெள்ளைச் சோறும் குறைவு. கசப்பில் பெரும்பங்கு விதையிலும் அந்த வெள்ளைப் பகுதியிலும்தான். லிமோனின் என்கிற பொருள் அதற்குக் காரணம். வாசனை வேறு இடத்தில் இருக்கிறது. மேல்தோலில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அந்த எண்ணெய்ப் பைகளில். தோலைக் கண்ணுக்கு நேராக மடக்கினால் பீய்ச்சி அடிக்குமே, பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சு ஆளைப் பழிவாங்கப் பயன்பட்டதே, அதே எண்ணெய். நமக்கு அது வேண்டும், கசப்பு குறைய வேண்டும். மெல்லிய தோல் பழம் இரண்டுக்கும் தோது.

வாங்கும்போது தோல் தளர்ந்து காற்றுப் போன பந்து மாதிரி இருப்பதை விட்டுவிடுங்கள். கையில் கனமாக, காம்புப் பக்கம் உலராமல் இருக்க வேண்டும். வெளியே கொஞ்சம் பச்சை திட்டாக இருந்தால் பரவாயில்லை. கரும்புள்ளி, மெத்தென்ற இடம் இருந்தால் கூடாது, ஏனென்றால் தோலையும் சேர்த்துத்தான் சாப்பிடப் போகிறோம். எங்கள் தெருமுனை வண்டிக்காரரிடம் இதைச் சொல்லிப் பொறுக்கியபோது, "இன்னாக்கா, தோலோடவா துன்னப் போற?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் கீழே இருந்த கூடையிலிருந்து நல்லதாக நாலு எடுத்துக் கொடுத்தார். காரணத்தைச் சொன்னால் நல்ல பழம் கிடைக்கிறது.

வெயில் காலத்தில் கமலா கிடைக்காது. அப்போது ஸ்டிக்கர் ஒட்டின வெளிநாட்டு ஆரஞ்சுதான். தோல் தடிமன், விதை அநேகமாக இருக்காது. பளபளப்பு மெழுகுப் பூச்சாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கல் உப்புப் போட்டுத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். வாசனை நன்றாகவே இருக்கும். ஆனால் தண்ணீரைக் கூட ஒரு முறை மாற்ற வேண்டும், கீழே சொல்கிறேன்.

சாத்துக்குடியை முழுசாகப் போடவே கூடாது. ஜூஸ் பிழிந்து கொஞ்ச நேரம் வைத்தாலே கசந்துபோகிற பழம் அது. தோலிலும் ஆரஞ்சு வாசனை இல்லை. நார்த்தங்காய், பம்பளிமாஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம். எலுமிச்சையை மட்டும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். கமலாவில் புளிப்பு குறைவு என்பதால் கேக் மந்தமாக இருக்கும், ஒரு எலுமிச்சை அதைத் தூக்கிவிடும். துருவும்போது மஞ்சள் மட்டும் வரட்டும். வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

வேகவைப்பது

பழத்தை முழுசாக, தோலோடு, வெட்டாமல் பாத்திரத்தில் போட்டு மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். பழம் மிதக்கும். ஒரு சின்னத் தட்டை மேலே கவிழ்த்து வையுங்கள். கொதி வந்ததும் 10 நிமிடம் விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இதுதான் மாமியாரின் "மொத தண்ணி". கொட்டுவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். எது வெளியே போகிறது என்று புரியும். கொட்டுகிற தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றினால் சிங்க்காவது மணக்கும்.

கமலாவுக்கு ஒரு முறை கொட்டினால் போதும். தடித்த தோல் ஆரஞ்சுக்கு இரண்டு முறை. மூன்றாவது முறை வேண்டவே வேண்டாம். அதற்கு மேல் வாசனையும் சேர்ந்து போய்விடும், வெந்த காகிதம் மாதிரி ஒன்றுதான் மிஞ்சும். ஒருமுறை பயந்துபோய் மூன்று தடவை மாற்றினேன். கேக்கில் பாதாம் மட்டும்தான் இருந்தது.

இப்போது புதுத் தண்ணீரோடு குக்கருக்கு மாற்றுங்கள். பழம் பாதி மூழ்கினால் போதும். 2 விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம், தடித்த தோலுக்கு 20 நிமிடம். அணைத்துவிட்டு ஆவி தானாக இறங்கும்வரை விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் பழம் வெடித்து, சாறெல்லாம் தண்ணீரோடு போய்விடும். லேசாகக் கீறல் விட்டிருந்தால் கவலை இல்லை. சாதாரணப் பாத்திரத்தில் என்றால் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும், நடுநடுவே தண்ணீர் ஊற்ற வேண்டும். வடசென்னையில் தண்ணீருக்கும் சிலிண்டருக்கும் கணக்குப் பார்க்கிறவர்களுக்குக் குக்கர்தான் சரி.

பல் குத்தும் குச்சியைச் செருகினால் தோல் எதிர்க்காமல் விட்டுக்கொடுக்க வேண்டும். கொஞ்சம் வேகாமல் எடுத்தால் அரைத்த பிறகும் தோல் நறநறவென்று பல்லில் மாட்டும், மாட்டுகிற ஒவ்வொரு துணுக்கும் கசக்கும்.

தட்டில் எடுத்து வைத்து முழுசாக ஆறவிடுங்கள். ராத்திரியே வேகவைத்து வைத்துவிட்டு மறுநாள் காலையில் செய்வது என் வழக்கம். ஆறியதும் குறுக்கே வெட்டி, ஒரு தட்டின் மேல் வைத்து விதைகளைத் தேடித் தேடி எடுங்கள். வெந்த பழத்தில் விதை வழுக்கும், சுளைக்குள் ஒளிந்துகொள்ளும். விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்து, நாலு விதை உள்ளே போனது. காம்பு ஒட்டியிருந்த கெட்டி வட்டத்தையும் நடுத்தண்டையும் எடுத்துவிடுங்கள். தட்டில் வழிந்த சாறு விழுதோடு போகட்டும்.

மிக்ஸி ஜாரில் தண்ணீர் சேர்க்காமல் வழவழவென்று அரைத்து, 350 கிராம் நிறுத்து எடுங்கள். மிச்சம் இருந்தால் அதே எடை சர்க்கரை போட்டு அடுப்பில் கிளறினால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் ஜாம் ஆகும். விழுதை ஒரு ஸ்பூன் ருசி பார்க்க வேண்டும். இந்த இடத்தில் லேசாகக் கசந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம், சர்க்கரையும் பாதாமும் சேரும்போது பாதி அடங்கிவிடும். முகம் சுளிக்கிற அளவுக்குக் கசந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை. பாதாமையும் முட்டையையும் அதில் கொட்டி வீணாக்காதீர்கள், வேறு பழம் வேகவையுங்கள்.

பாதாம்

எங்கள் தெருவில் ஒரு பாதாம் மரம் இருந்தது. பழம் சிவந்து கீழே விழும், கொட்டையைக் கருங்கல்லில் வைத்து உடைத்தால் உள்ளே தீக்குச்சி கனத்துக்கு ஒரு பருப்பு. இதைத்தான் ரொம்ப நாள் பாதாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது நாட்டு வாதுமை, வேறு மரம், கடையில் விற்கிற பாதாமுக்கு உறவே இல்லை.

கால் கிலோ பாதாம் இந்த கேக்கின் பெரிய செலவு. சவுகார்பேட்டை பக்கம் போக முடிந்தால் போங்கள். கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தங்கசாலைத் தெரு வட்டாரத்தில் மூட்டையிலிருந்து அள்ளிப் போடும் கடைகளில் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து வாங்கலாம். கடித்தால் மடக்கென்று உடைய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறியிருக்கிறது. பழைய எண்ணெய் வாடை அடித்தால் காறிவிட்டது, கேக்கில் அது இரண்டு மடங்காகத் தெரியும். விலை கூடிய மாம்ரா பாதாமில் எண்ணெய் அதிகம், அல்வாவுக்குச் சரி, இதற்கு வேண்டாம். சாதாரண கலிஃபோர்னியா பாதாம் போதும்.

தோல் உரிப்பதா வேண்டாமா? உரித்தால் கேக் மஞ்சளாக, மென்மையாக வரும். உரிக்காவிட்டால் பழுப்புப் புள்ளி புள்ளியாக இருக்கும், ருசி இன்னும் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். நான் பெரும்பாலும் உரிப்பதில்லை. சோம்பல் ஒரு காரணம், ஈரம் இன்னொரு காரணம். உரிக்கக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால், அது குடித்த தண்ணீரை வெளியேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கடல் காற்று அடிக்கிற ஊரில் ஃபேனுக்குக் கீழே மூன்று மணி நேரம் பரப்பி வைத்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். உரித்தே ஆகவேண்டும் என்றால் முதல் நாளே உரித்து, ஓவனில் 100 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, ஆறவைத்துப் பிறகு அரையுங்கள்.

அரைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பாதாமில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. மிக்ஸி சூடானால் அது கசிந்து, பொடி கட்டியாகி, கடைசியில் பாதாம் வெண்ணெய் ஆகிவிடும். அரைப்பதற்கு முன் பாதாமை அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வையுங்கள். நிறுத்து வைத்த சர்க்கரையிலிருந்து இரண்டு ஸ்பூன் எடுத்து அதோடு சேருங்கள், வெளிவருகிற எண்ணெயை அது பிடித்துக்கொள்ளும். உலர்ந்த சின்ன ஜாரில் இரண்டு பங்காகப் போட்டு, 3 நொடி ஓட்டு, நிறுத்து, குலுக்கு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. ரவை சல்லடையில் சலித்து, மேலே நிற்பதைத் திரும்ப ஓட்டுங்கள். ரவை பதத்துக்கும் மைதா பதத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். ரொம்பக் கொரகொரப்பாக இருந்தால் கேக் உதிரும். கடைகளில் பாக்கெட்டில் பாதாம் மாவு கிடைக்கிறது, எத்தனை மாதம் அலமாரியில் இருந்ததோ என்ற சந்தேகம் எனக்குப் போவதில்லை.

முட்டை, சர்க்கரை

இந்த கேக் நிற்பதே முட்டையில்தான். மாவு இல்லாததால் பிடித்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு இதை மாற்றித் தர முடியுமா என்று கேட்டால், முடியாது என்பதுதான் நேர்மையான பதில். தயிரும் ரவையும் போட்டு ஒரு ஆரஞ்சு கேக் செய்யலாம், அது வேறு கேக்.

வெளிநாட்டுச் செய்முறையில் 6 முட்டை என்றால் ஒவ்வொன்றும் 60 கிராம் வாக்கில் இருக்கும். நமக்குக் கிடைக்கிற நாமக்கல் முட்டை பெரும்பாலும் அதைவிடச் சின்னது. அதனால் எண்ணாதீர்கள், உடைத்து ஊற்றி நிறுத்துப் பாருங்கள். 280 கிராம் வராவிட்டால் ஏழாவதை உடையுங்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்த முட்டையோடு சர்க்கரையைச் சேர்த்து, கரண்ட் பீட்டரால் 6, 7 நிமிடம் அடியுங்கள். நம் சர்க்கரை பெரிய பருக்கை, சீக்கிரம் கரையாது. முன்பே மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக்கொண்டால் நல்லது. வெளுத்து, நுரைத்து, பீட்டரைத் தூக்கினால் ரிப்பன் போல வழிந்து மேலே ஒரு நொடி கோடாக நிற்கும். கையால் அடிக்கிறீர்கள் என்றால் அந்தப் பதம் வரும்வரை தோள்பட்டையைப் பலி கொடுக்க வேண்டாம். நன்றாக நுரைத்தால் போதும், கேக் கொஞ்சம் தாழ்வாக வரும், ருசியில் குறை இருக்காது.

கலக்குவது

இதற்கு முன் ஓவனைப் போட்டுவிடுங்கள், டின்னையும் தயார் செய்துவிடுங்கள். அடிப்பக்கத்துக்கும் சுற்றுச் சுவருக்கும் பட்டர் பேப்பர் கட்டாயம். வெறும் வெண்ணெய் தடவி மாவு தூவினால் ஒட்டிக்கொள்ளும், இந்த கேக் அவ்வளவு ஈரம். அடி கழலும் டின் இருந்தால் உத்தமம்.

ஆறிய விழுது, எலுமிச்சைச் சாறு, துருவிய தோல் மூன்றையும் முட்டை நுரையில் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். விழுது வெதுவெதுப்பாக இருந்தாலும் நுரை இறங்கிவிடும், ஆறியதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். பாதாம் பொடி, பேக்கிங் பவுடர், உப்பு, ஏலப்பொடி எல்லாவற்றையும் தனியாகக் கலந்து, மூன்று தடவையாகத் தூவி, அடியிலிருந்து மேலே புரட்டுவது போலச் சேருங்கள். பதம் தோசை மாவு மாதிரி இருக்கும். கேக் மாவு இவ்வளவு தண்ணியாக இருக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஒரு கை மைதா போடலாமா என்று தோன்றும். போடாதீர்கள்.

ஓவன்

170 டிகிரி, மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும். கீழிருந்து இரண்டாவது தட்டில் வையுங்கள். மொத்தம் 60 முதல் 70 நிமிடம். பாதாமும் சர்க்கரையும் சீக்கிரம் கருகும் என்பதால் 35வது நிமிடத்தில் மேலே சில்வர் ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்தி, 160க்குக் குறைத்துவிடுங்கள். அதுவரை கதவைத் திறக்கக் கூடாது.

ஓடிஜியின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். என் ஓடிஜி 170 என்று சொன்னால் உள்ளே 190. உள்ளே தொங்கவிடும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிய பிறகுதான் அது தெரிந்தது. அதுவரை கேக் கருகியதற்கெல்லாம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கரண்ட். மே மாதச் சாயங்காலத்தில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது வோல்ட்டேஜ் இறங்குகிற வீடுகளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். 230 வோல்ட்டில் 1500 வாட் தருகிற கம்பி, 200 வோல்ட்டில் ஏறக்குறைய 1130 வாட்தான் தரும். ஓவன் சூடாக வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும், அதுவரை நுரைத்த மாவு வெளியே உட்கார்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும். காலை பத்து மணி வாக்கில் செய்வதுதான் எனக்குச் சரிப்பட்டு வருகிறது. நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் காத்திருங்கள். பத்து நிமிடம் வரை கேக் தாங்கும்.

பெரம்பூரில் ரயில்வே குடும்பங்களும் ஆங்கிலோ இந்தியர்களும் நிறைய இருந்த காலத்தில் இந்தத் தொல்லையே இருக்கவில்லை. டிசம்பரில் வீட்டில் மாவு கலக்கி, டின்னில் ஊற்றி, மேலே பெயர் எழுதிய காகிதத்தைச் செருகி, பேக்கரி அடுப்புக்குக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் டின்னை நானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். திரும்பி வரும்போது வேறு யாருடைய கேக்காவது வந்துவிட்டதா என்று ஆன்ட்டி ஒரு ஓரத்தைக் கிள்ளிப் பார்ப்பார்.

ஓவன் இல்லாதவர்கள் அளவைப் பாதியாக்கி 6 அங்குல டின்னில் அடுப்பிலேயே செய்யலாம். குக்கரைக் காய வைத்துக் கெடுக்க வேண்டாம். அடி கனமான பழைய அலுமினியச் சட்டியில் இரண்டு கப் தூள் உப்பு பரப்பி, நடுவில் ஒரு பிரிமனை மாதிரி உலோக வளையம் வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். டின்னை வளையத்தின் மேல் வைத்து, மூடியின் இடுக்கை அடைத்து, சிறு தீயில் 55 முதல் 65 நிமிடம். மேற்புறம் சிவக்காது, மூடியில் கோர்த்த நீர் சொட்டும் அபாயம் உண்டு. மூடியின் உள்பக்கம் ஒரு துணி கட்டினால் சொட்டாது. துணியின் முனைகளை மேலே தூக்கி முடிந்துவிடுங்கள், தீயில் படக் கூடாது.

வெந்ததா, ஆறியதா

குச்சியை நடுவில் குத்தினால் ஈரமான துணுக்கு ஒட்டி வரலாம். மாவு வழியக் கூடாது. சுத்தமான குச்சி வரும்வரை காத்திருந்தால் ஓரம் காய்ந்துவிடும். நடுவில் விரலால் அழுத்தினால் திரும்பி எழும்ப வேண்டும், டின்னை லேசாக ஆட்டினால் நடுப்பகுதி தளும்பக் கூடாது. சந்தேகமாக இருந்தால் இன்னும் 5 நிமிடம் வையுங்கள்.

வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் நடுவில் ஒரு விரற்கடை அமுங்கும். அது இந்த கேக்கின் சுபாவம், பயப்பட ஒன்றுமில்லை. கிண்ணம் மாதிரி குழிந்து அடியில் களியாக இருந்தால்தான் வேகவில்லை என்று பொருள்.

டின்னிலேயே முழுசாக ஆறட்டும், இரண்டு மணி நேரமாவது. சூட்டோடு கவிழ்த்தால் இரண்டாகப் பிளந்துவிடும். ஆறியதும் பட்டர் பேப்பரிலேயே சுற்றி ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். அன்றைக்கே வெட்டினால் முட்டை வாடை கொஞ்சம் முன்னால் நிற்கும், கசப்பு தனியாகத் தெரியும். மறுநாள் தோலின் எண்ணெய் எல்லா இடத்துக்கும் பரவி, எல்லாம் சேர்ந்து ஒரே ருசியாகிவிடும். கறி குழம்பு மறுநாள் ருசிக்கிற மாதிரிதான்.

இவ்வளவு ஈரமான பண்டம் சென்னை வெக்கையில் இரண்டாவது நாளே பூசணம் பிடிக்கும். முதல் ராத்திரிக்குப் பிறகு ஃப்ரிட்ஜ்தான். மூடிய டப்பாவில் 5 நாள் தாங்கும், சாப்பிட அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். மேலே பொடித்த சர்க்கரை தூவுவதாக இருந்தால் தட்டில் வைத்த பிறகு தூவுங்கள். நம் ஊர்க் காற்றில் பத்து நிமிடத்தில் அது பாகாகிவிடும். கிரீம், ஐசிங் எதுவும் வேண்டாம்.

வெட்டும்போது கத்தியை ஒவ்வொரு துண்டுக்கும் ஈரத் துணியில் துடைத்துக்கொள்ளுங்கள். சின்னத் துண்டு போதும், பாதாம் வயிற்றை நிறைத்துவிடும். கூட ஃபில்டர் காபி, சர்க்கரை குறைவாக.

கமலாவில், விதை எடுத்து, தண்ணீரை இரண்டு முறை கொட்டிச் செய்த கேக்கை மாமனாருக்குக் கொடுத்தபோது தட்டைக் காலி செய்துவிட்டு, "அந்தக் கசப்பு கொஞ்சம் இருந்திருக்கலாம்மா" என்றார். மாமியார் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு கமலா என்றால் ஒரு முறைதான் கொட்டுகிறேன்.